முதல் வருட ரொட்டேஷன்: மூன்று லேபா, இரண்டு லேபா, நேராக ஒரே லேபா?

பெங்களூருக்கு பிஎச்டி சேர வரும் தமிழ்ப் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, ரொட்டேஷனுக்கு லேப் பேர் எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க. மூணு போடவா, ரெண்டு போதுமா? எனக்கு ஒரு சாரோட வேலை ஏற்கெனவே பிடிச்சிருக்கு, நேரா அங்கேயே சேர்ந்துடலாமா?" மருந்தியல் பக்கம் வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் மற்றவர்களைவிட அதிகம். எலிக்கு மருந்து கொடுத்து அதன் நடத்தையைப் பார்ப்பவரும் மருந்தியல்காரர்தான். ஒற்றைச் செல்லின் அயனிச் சானலில் (செல் சவ்வில் அயனிகள் போய்வரும் வழி) மின்னோட்டத்தை அளப்பவரும், கணினியில் மூலக்கூறை ரிசெப்டாரோடு (மருந்து போய் ஒட்டும் புரதம்) பொருத்திப் பார்ப்பவரும், ஆஸ்பத்திரியில் நோயாளியின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுபவரும் மருந்தியல்காரர்கள்தான். எம்.ஃபார்மில் இவையெல்லாம் ஒரே புத்தகத்தின் அடுத்தடுத்த அத்தியாயங்கள். இங்கே ஒவ்வொன்றும் தனி லேப், ஐந்து வருட வாழ்க்கை.

அதோடு, மருந்தியல் என்று போர்டு மாட்டிய துறையைத் தேடினால் இந்த ஊரில் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளிலும் ஃபார்மசி கல்லூரிகளிலும்தான் கிடைக்கும். ஐஐஎஸ்சியின் (இந்திய அறிவியல் கழகம்) இன்றைய மைக்ரோபயாலஜி அண்ட் செல் பயாலஜி துறைக்கு ஒரு காலத்தில் மைக்ரோபயாலஜி அண்ட் ஃபார்மகாலஜி லேபரட்டரி என்றுதான் பெயர். பெயரிலிருந்து மருந்தியல் போய்விட்டது, வேலை போகவில்லை. உயிர்வேதியியல், மாலிகுலார் பயோஃபிசிக்ஸ், நியூரோசயின்ஸ் என்று பல துறைகளில் அது பரவிக் கிடக்கிறது. பெல்லாரி ரோட்டில் ஜிகேவிகே வளாகத்துக்குள் என்சிபிஎஸ்ஸும் இன்ஸ்டெம்மும், ஜக்கூரில் ஜேஎன்சிஏஎஸ்ஆர், ஓசூர் ரோட்டில் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் என்று ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. துறைப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் உங்களுக்குப் பொருந்தக்கூடிய லேப்களில் பாதி கண்ணில் படாது.

ரொட்டேஷன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: கைடு யார் என்று முடிவாவதற்கு முன்பு, முதல் வருடத்தில் கோர்ஸ்வொர்க் ஓடும்போதே, சில லேப்களில் சில வாரங்கள் வேலை பார்க்கும் ஏற்பாடு. அமெரிக்க மருந்தியல் துறைகளில் எட்டு முதல் பத்து வாரம் வீதம் மூன்று லேப் என்பது வழக்கம். நம் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் நேர்காணலோடு கைடு முடிவாகிவிடும். பெங்களூரின் ஆராய்ச்சி நிறுவனங்களில், குறிப்பாக ஒருங்கிணைந்த பிஎச்டி திட்டங்களில், ரொட்டேஷன் உண்டு. எத்தனை லேப், எத்தனை வாரம் என்பது இடத்துக்கு இடம் மாறும். அதனால் முதலில் உங்கள் துறை அலுவலகத்தில் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேர்வு உங்கள் கையில் இருந்தால் இரண்டு நீண்ட ரொட்டேஷன் போடுங்கள்: ஒன்று உயிருள்ள விலங்கிலோ திசுவிலோ வேலை செய்யும் லேப், இன்னொன்று செல் அல்லது மூலக்கூறு அளவில் வேலை செய்யும் லேப். அந்த வாரங்களில் ஆராய்ச்சித் தலைப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைவிட, ஒரு சோதனை தோற்றால் அந்த லேபில் என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நேராகச் சேர்வது

இதை நான் ஒரேயடியாக மறுக்கவில்லை. எம்.எஸ்ஸி பிராஜெக்ட்டை ஆறு மாதம் அதே லேபில் செய்திருந்தால், அல்லது ஒரு வருடம் அங்கே பிராஜெக்ட் ஜேஆர்எஃப்பாக (ஒரு ஆராய்ச்சித் திட்டத்தின் பணத்தில் அமர்த்தப்படும் இளநிலை ஆய்வாளராக) இருந்திருந்தால், ரொட்டேஷன் உங்களுக்குப் புதிதாக எதையும் காட்டப்போவதில்லை. அந்த மாதங்களை மிச்சப்படுத்தி வேலையைத் தொடங்கலாம். விலங்குச் சோதனைக்கு அனுமதி வாங்க வேண்டிய லேபாக இருந்தால் இந்த மிச்சம் சின்ன விஷயமே இல்லை.

ஆனால் நேராகச் சேர நினைக்கிறவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள் இல்லை. நேர்காணலில் அரை மணி நேரம் பார்த்த ஒருவரையும், படித்துப் பிடித்துப்போன இரண்டு பேப்பரையும் வைத்து முடிவெடுக்கிறார்கள். கேட்டால், "சீட் போயிடும்க்கா" என்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2022 யுஜிசி விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் கைடாக இருக்கலாம். ஓய்வுபெற மூன்று வருடத்துக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. அதனால் பயந்து அவசரப்படுவதைவிட நேராகக் கேட்டுவிடுவது மேல்: "சார், இந்த வருஷம் எத்தனை பேர் எடுக்கறதா இருக்கீங்க? ரொட்டேஷன் முடிஞ்சு வந்தாலும் இடம் இருக்குமா?" இந்தக் கேள்விக்கு யாரும் கோபப்பட மாட்டார்கள். யாராவது கோபப்பட்டால் அந்த லேபைப் பற்றி ஒரு தகவல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று குட்டி ரொட்டேஷன்

ஆறு முதல் எட்டு வாரம் வீதம் மூன்று லேப். காகிதத்தில் பார்த்தால் இதுதான் சிறந்தது போலத் தெரியும்: மூன்று கைடு, மூன்று முறை, மூன்று வகை மனிதர்கள். எந்தப் பக்கம் போவது என்றே தெரியாமல் வந்தவர்களுக்கு இது நல்லதுதான். பயோடெக் படித்துவிட்டு மருந்தியலுக்கு வருகிறவர்களுக்கு இதையே சொல்வேன்.

கணினி லேபிலும் செல் கல்ச்சர் லேபிலும் ஆறு வாரம் போதும். ஒரு டாக்கிங் (மூலக்கூறை ரிசெப்டாரில் பொருத்திப் பார்க்கும் கணக்கு) ஓட்டி, அதை மாலிகுலார் டைனமிக்ஸில் (மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்கும் முறை) சரிபார்த்து, என்ன தெரிந்தது என்று பேசிவிடலாம். செல்லை வளர்த்து, மருந்து போட்டு, ஒரு வெஸ்டர்ன் பிளாட்டாவது (குறிப்பிட்ட புரதம் இருந்தால் பேண்டாகக் காட்டும் சோதனை) எடுத்துவிடலாம். நடுவில் மைகோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் தொற்று வந்து எல்லா ஃப்ளாஸ்கையும் கொட்ட வேண்டிவந்தால் கணக்கு மாறும். அப்போதும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டுதான் வெளியே வருவீர்கள்.

விலங்கு லேபில் ஆறு வாரம் என்பது வேலை தொடங்குவதற்கே சரியாக இருக்கும். நீங்கள் எலியைத் தொடவேண்டும் என்றால், நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஏற்கெனவே அனுமதித்த திட்டம் ஒன்று அந்த லேபில் இருக்கவேண்டும், அதன்கீழ் உங்களுக்குப் பயிற்சி நடக்கவேண்டும். புதிதாக வந்த எலிகள் இடத்துக்குப் பழக ஒரு வாரமாவது விடவேண்டும். எலிக்குச் சர்க்கரை நோய் வரவைக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டால் மூன்று நாளில் சர்க்கரை ஏறிவிடும். அதனால் நரம்பு பாதிக்கப்பட்டு வலி உணர்வு மாறுவதைப் பார்க்க இன்னும் பல வாரம் காத்திருக்கவேண்டும். மருந்து கொடுக்கும் கட்டம் அதற்கப்புறம்தான். உங்கள் ரொட்டேஷன் அதற்குள் முடிந்துவிடும். முடிவைப் பார்க்காமலே "எனக்கு விலங்கு வேலை ஒத்துவராது" என்று சொல்லிவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பார்த்தது முன்வேலையை மட்டும்தான்.

இரண்டு நீண்ட ரொட்டேஷன்

பத்து, பன்னிரண்டு வாரம் வீதம் இரண்டு லேப். இதில் இழப்பது ஒரு லேபை. கிடைப்பது, ஒரு சிறிய கேள்வியைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை கொண்டுபோகும் வாய்ப்பு.

மருந்தியலுக்கு இது மிகவும் பொருந்துகிறது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மூலக்கூறு செல்லில் நானோமோலார் அளவிலேயே ரிசெப்டாரைப் பிடித்துக்கொள்ளும். அதையே எலிக்கு வாய்வழியாகக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. குடலில் உறிஞ்சப்படவில்லையா, கல்லீரல் முதல் சுற்றிலேயே உடைத்துவிட்டதா, பிளாஸ்மா புரதத்தோடு ஒட்டிக்கொண்டதா, மூளைக்குள் நுழைய முடியவில்லையா என்று வரிசையாகக் கேட்கத் தெரிந்தவர்தான் மருந்தியல்காரர். செல் லேபை மட்டும் பார்த்தவருக்கு இந்தக் கேள்விகள் பாடப்புத்தக வரிகளாகவே இருக்கும். எலியை மட்டும் பார்த்தவர், "மருந்து கொடுத்தேன், வலி குறைந்தது" என்பதோடு நின்றுவிடுவார். எந்த ரிசெப்டார், எந்தச் சிக்னல் என்று அடுத்த கேள்விக்குப் போக மாட்டார். இரண்டு பக்கமும் மூன்று மாதம் உட்கார்ந்து பார்த்தவருக்குப் பிறகு எந்த லேபில் சேர்ந்தாலும் மறுபக்கம் புரியும்.

இந்த இரண்டு வேலையும் எப்படி இருக்கும் என்று கிட்டே போய்ப் பார்க்கலாம்.

செல் பக்கத்தில், செல்லின் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நேஹரும் சக்மானும் 1991-ல் நோபல் வாங்கிய முறை. அதிர்வு தாங்கும் மேசை, அதைச் சுற்றி மின் இரைச்சலைத் தடுக்கும் உலோகக் கூண்டு, உள்ளே மைக்ரோஸ்கோப். சூடாக்கி இழுத்த கண்ணாடிக் குழாயின் முனை கிட்டத்தட்ட ஒரு மைக்ரான் அகலம். அதை மைக்ரோமானிப்புலேட்டரால் இறக்கி, செல்லின்மேல் படும்படி வைத்து, குழாயின் மறுமுனையில் வாயால் மிக லேசாக உறிஞ்ச வேண்டும். திரையில் மூன்று, ஐந்து மெகாஓம் என்று இருந்த தடை சட்டென்று ஆயிரம் மெகாஓமைத் தாண்டினால் சீல் கிடைத்துவிட்டது, அதாவது குழாய் செல்லோடு இறுக ஒட்டிவிட்டது என்று அர்த்தம். இன்னொரு சின்ன உறிஞ்சலில் செல் சவ்வு உடையும். செல்லின் மொத்த மின்னோட்டமும் உங்கள் கையில். முதல் சில வாரங்களில் நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒரு சீல்கூடக் கிடைக்காமல் போகும். இதைப் பொறுமையாகச் செய்யமுடியுமா என்று உங்களுக்கே தெரியாது; ஆறு வாரத்திலும் தெரியாது. பத்தாவது வாரத்தில் தெரியும்.

விலங்கு பக்கத்தில் எலியைப் பிடிப்பதிலிருந்தே தொடங்கவேண்டும். பி.ஃபார்மில் இப்போது விலங்குச் சோதனையைக் கணினி சிமுலேஷனில்தான் காட்டுகிறார்கள். அதனால் உயிருள்ள எலியை ரொட்டேஷனில்தான் முதன்முதலாகத் தொடுகிறவர்கள் நிறையப் பேர். கூண்டைத் திறந்தவுடன் சடாரென்று கையை விடக்கூடாது. உங்கள் கையின் வாசனை எலிக்குப் பழகவேண்டும். தோள்பட்டைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து மேல்பாகத்தைச் சுற்றிப் பிடித்து, இன்னொரு கையால் பின்பாகத்தைத் தாங்கவேண்டும். நெஞ்சை இறுக்கினால் மூச்சு விடமுடியாது. இதைச் சொல்லித்தருவது பெரும்பாலும் கைடு இல்லை, விலங்குக் கூடத்தில் பல வருடமாக வேலை பார்க்கிற அண்ணன்கள்தான். பெங்களூரில் அவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் இருப்பார்கள். "பயந்தா அது கடிக்கும்மா, நீ பயப்படலன்னு அதுக்குத் தெரியணும்" என்று ஒருவர் எனக்குச் சொன்னதைத்தான் நான் இப்போது என் ஜூனியர்களுக்குச் சொல்கிறேன். அவர்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். எந்த லேப் எலிகளை ஒழுங்காகக் கவனிக்கிறது, எந்த லேப் கவனிப்பதில்லை என்று அவர்களைவிட யாருக்கும் தெரியாது.

விலங்கு வேலைக்கு இனி எதிர்காலம் இல்லை என்று சிலர் சொல்லி உங்களைத் திருப்பப் பார்க்கலாம். 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது. 2023-ல் இந்தியாவும் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் பற்றிய விதிகளில் திருத்தம் கொண்டுவந்தது. செல், உறுப்பு-சிப் (உறுப்பைப் போல இயங்கும்படி செல் வளர்த்த சிறு கருவி), கணினி முறைகளையும் மருந்துச் சோதனைக்கு ஏற்கலாம் என்று இரண்டும் வழி திறந்தன. விலங்குச் சோதனையை இவை தடைசெய்யவில்லை. மாற்று முறை சரியான பதிலைத் தருகிறதா என்று சொல்லவும் விலங்கில் என்ன நடக்கும் என்று அறிந்தவர்கள் தேவைப்படுவார்கள். ஆனால் உயிரை எடுக்கும் வேலை மனசுக்கு ஒப்பவில்லை என்றால் அது முழுக்க நியாயமான காரணம். யாருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை, செல் பக்கம் போங்கள்.

மற்ற வகை லேப்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினி லேபில் சேர்ந்தால், அவர்களின் கணிப்பைச் சோதித்துப் பார்க்கும் வெட் லேப் (செல், ரசாயனம் வைத்து நேரடியாகச் சோதனை செய்யும் லேப்) ஒன்று கூட்டாளியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஐந்து வருடமும் கணிப்பிலேயே போய்விடும். எச்பிஎல்சி, எல்சி-எம்எஸ் கருவிகளை வைத்து ரத்தத்தில் மருந்தின் அளவை அளக்கும் லேப் பலருக்குச் சலிப்பாகத் தெரியும். ஆனால் படிப்பு முடிந்ததும் இதே ஊரில் சின்ஜீன், ஆரிஜீன் மாதிரி மருந்து ஆராய்ச்சி நிறுவனங்களில் வேலைக்குப் போக நினைக்கிறவர்களுக்கு நேரடியாகக் கைகொடுப்பது இதுதான். வீட்டுப் பொறுப்பு இருக்கிறவர்கள் இதை யோசிக்கலாம். நோயாளிகளோடு வேலை செய்ய ஆசை என்றால் நிம்ஹான்ஸில் மனநல மருந்துகளுக்கென்றே கிளினிக்கல் சைக்கோஃபார்மகாலஜி துறை இருக்கிறது.

பெரிய லேபா, புது லேபா

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இது. பதினைந்து பேர் இருக்கும் பெரிய லேபில் கருவிகள் இருக்கும், கற்றுத்தர சீனியர்கள் இருப்பார்கள். கைடைத் தனியாகப் பார்க்க இரண்டு வாரம் ஆகலாம். புதிதாகத் தொடங்கிய லேபில் கைடே உங்கள் பக்கத்து பெஞ்சில் நின்று பைப்பெட் பிடிப்பார். ஆனால் இதுவரை யாரும் அங்கே தீசிஸ் முடித்திருக்க மாட்டார்கள், ஃப்ரீசரில் பாதி காலியாக இருக்கும். கற்றுக்கொள்ளும் வேகத்தில் புது லேபையும், நடுவில் எதுவும் நின்றுபோகாமல் இருப்பதில் பெரிய லேபையும் நான் மேலே வைப்பேன். இரண்டு ரொட்டேஷனில் ஒன்று இது, ஒன்று அது என்று போட்டால் ஒப்பிடுவது சுலபம்.

பணத்தைப் பற்றி: நெட் மாதிரி தேர்வில் வாங்கிய ஜேஆர்எஃப் உதவித்தொகை இருந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000 உங்களுக்கு வரும், அது கைடின் கிராண்ட்டை (ஆராய்ச்சி நிதியை) பொறுத்தது இல்லை. ஆனால் ஆன்ட்டிபாடி, ரீஏஜென்ட், எலிகள் எல்லாம் அவர் கிராண்ட்டில்தான். இப்போதுள்ள கிராண்ட் எந்த வருடம் முடிகிறது என்று சீனியரிடம் கேட்டுவிடுங்கள்.

இப்போது, தோற்றுப்போன சோதனைக்கு வருகிறேன். ரொட்டேஷனில் ஒரு லேப் மீட்டிங்கையும் தவறவிடாதீர்கள். இரண்டு லேப்களில் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான காட்சியை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்காலர் திரையில் வெஸ்டர்ன் பிளாட் ஒன்றைப் போடுகிறார். பேண்ட் வரவேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. ஒரு லேபில் கைடு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "லோடிங் கன்ட்ரோல் காட்டு. ஆன்ட்டிபாடி எந்த லாட்? பழைய லாட்டில் மிச்சம் இருக்கா? பாசிட்டிவ் கன்ட்ரோலோட மறுபடி ஓட்டு." அந்த ஸ்காலர் குறித்துக்கொண்டார், அடுத்தவர் பேசத் தொடங்கினார். இன்னொரு லேபில் கைடு திரையைப் பார்க்கவே இல்லை. "ரெண்டு மாசமா என்ன பண்ணிட்டு இருந்த?" என்றார். அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படிப்பட்ட லேபில் அதற்கடுத்த மீட்டிங்குகளில் தோற்ற சோதனையை யாரும் காட்ட மாட்டார்கள். காட்டாத தரவு எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். மருந்தியலில் அப்படி மறைக்கப்பட்ட ஒரு முடிவின்மேல் இன்னொருவர் டோஸ் கணக்குப் போடுவார். அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இன்னொன்று, சீனியர்களிடம் டீக்கடையில் வைத்துக் கேளுங்கள், லேபுக்குள் கேட்காதீர்கள். கடைசியாக முடித்த மூன்று பேருக்கு எத்தனை வருடம் ஆனது? இப்போது எங்கே இருக்கிறார்கள்? நடுவில் விட்டுவிட்டுப் போனவர் யாராவது உண்டா? உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் லீவு கேட்டால் என்ன சொல்வார்? யுஜிசி விதியில் பிஎச்டி முடிக்க ஆறு வருடம் வரை, பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடம், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு என்றெல்லாம் இருக்கிறது. அதை அந்த லேபில் யாராவது தயக்கமில்லாமல் எடுத்திருக்கிறார்களா என்பதுதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

"எங்க லேப்ல நாலு பேர் தமிழ், வந்துடு" என்று கூப்பிடுவார்கள். புது ஊரில் அது பெரிய ஆறுதல்தான், நானும் அதை அனுபவித்திருக்கிறேன். ஆனால் அந்த நாலு பேரும் இரண்டு வருடத்தில் முடித்துக்கொண்டு போய்விடுவார்கள், கைடு இருப்பார். ஞாயிற்றுக்கிழமை சமைத்துச் சாப்பிட அவர்கள் எந்த லேபில் இருந்தாலும் கூப்பிடுவார்கள்.

வரிசையும் முக்கியம். மூன்று என்றால் நீங்கள் அதிகம் விரும்பும் லேபை நடுவில் வையுங்கள். முதல் ரொட்டேஷனில் ஆட்டோகிளேவ் எங்கே, ஐஸ் எங்கே, மெஸ் எத்தனை மணிக்கு மூடும் என்று பழகுவதிலேயே பாதி நேரம் போய்விடும். கடைசி ரொட்டேஷனில் கோர்ஸ் பரீட்சையும் சேர்ந்துகொள்ளும். இரண்டு என்றால் விலங்கு லேபை முதலில் பேசி வையுங்கள், இரண்டாவதாகச் செய்யுங்கள்; இடைப்பட்ட மாதங்களில் பயிற்சியும் அனுமதி வேலையும் முடிந்துவிடும்.

முடிவெடுத்த பிறகு, சேராத லேபின் கைடைக் கட்டாயம் நேரில் பார்த்துச் சொல்லுங்கள். துறைப் பட்டியலில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விடவேண்டாம். "உங்க லேப்ல இதைக் கத்துக்கிட்டேன் சார், ஆனா நான் அந்த லேப்ல சேரலாம்னு இருக்கேன்" என்றால் போதும், காரணப் பட்டியல் வேண்டாம். நாளைக்கு உங்கள் ஆலோசனைக் குழுவில் உட்காரப்போவது அவராக இருக்கலாம். கருவி கேட்டு அவர் கதவைத்தான் தட்டவேண்டியும் வரலாம். கிளம்புவதற்கு முன் நோட்டைத் தேதிவாரியாக முடித்து அங்கேயே கொடுங்கள், ஒரு நகல் மட்டும் அனுமதி கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மைனஸ் எண்பது ஃப்ரீசரில் நீங்கள் வைத்த ட்யூப்களில் பெயர், தேதி, உள்ளே என்ன என்று தெளிவாக எழுதி, எந்த ரேக், எந்தப் பெட்டி என்று ஒரு தாளில் குறித்து, அந்த வேலையைத் தொடரப்போகும் சீனியரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.